எந்தக் கைக்குக் கிட்டார் வாங்குவது

அருணுக்கு,

கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. மண்டபத்தில் பேசி முடித்தாயிற்று. சமையல்காரரிடம் உன் அம்மா பேசிக்கொண்டே இருக்கிறாள், இன்னும் முடிந்தபாடில்லை. இதற்கு நடுவில் உட்கார்ந்து அப்பா கடிதம் எழுதுகிறார் என்றால் உனக்குச் சிரிப்புதான் வரும். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நாம் பேசுகிற லட்சணம் உனக்கே தெரியும். சாப்பிட்டாயா என்பேன், சாப்பிட்டேன் என்பாய், இந்தா அம்மாவிடம் பேசு என்று கொடுத்துவிடுவேன். இதைத் தாண்டி நாம் பேசிப் பல வருஷமாகிவிட்டது. முப்பது வருஷமாகக் கலெக்டர் ஆபீசில் கோப்புக்குக் குறிப்பு எழுதியே பழகியவன் நான். எழுதினால்தான் எனக்கு வாய் திறக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜனனி எனக்குப் போன் செய்தாள். அம்மாவுக்குத்தான் பண்ணுவாள், எனக்குப் பண்ணியது அதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்கு உனக்கு ஒரு கிட்டார் வாங்கித் தர ஆசைப்படுகிறாளாம். எதை வாங்குவது என்று தெரியவில்லையாம். "அவரைக் கேட்டா, எங்கப்பாவ கேளு, கிட்டார் வாங்கறதுல அவருதான் கில்லாடினு சொல்றாரு மாமா" என்றாள். நானும் சிரித்துவைத்தேன். ரெண்டு நாளில் விசாரித்துச் சொல்கிறேன் என்று பெரிய மனுஷனாகச் சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகுதான் யோசித்தேன். நீ கிண்டலாகச் சொன்னாயா, குத்திச் சொன்னாயா, இல்லை, உண்மையிலேயே அப்பாவைக் கேட்கட்டும் என்று விட்டாயா? மூன்றில் எதுவாக இருந்தாலும் நான் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் கிட்டாரிலிருந்து ஆரம்பிக்கவில்லை. உனக்கு நாலு வயதானபோது ஆரம்பித்தது.

நீ பிறவியிலேயே இடது கைக்காரன். பென்சிலானாலும் பந்தானாலும் முதலில் நீளுவது அந்தக் கைதான். வீட்டுக்குள் அது எனக்கு ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்புறம் ஊரில் உன் சின்ன அத்தைக்குக் கல்யாணம் வந்தது. வெற்றிலைத் தட்டை உன்னிடம் கொடுத்துப் பெரியப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். நீ தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு வெற்றிலையை மட்டும் எடுத்து இடது கையால் நீட்டினாய். அவர் வாங்கவில்லை. கூடத்தில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, "பீச்சாங்கையால குடுக்கறான் பாரு, வளத்த லட்சணம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. ஊரைவிட்டு டவுனுக்கு வந்து வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு, பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்ட கர்வம் எனக்குள் இருந்தது. அது ஒரு வெற்றிலையில் போயிற்று.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு வேளையில் உன் இடது கையைத் துண்டால் நாற்காலியின் கையோடு கட்டினேன். வலிக்கக் கட்டவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வலித்ததா என்று உன்னை ஒரு நாளும் கேட்டதில்லை. அம்மா இரண்டு மூன்று தடவை அவிழ்த்துவிட்டாள். "புள்ள வயிறு ரொம்பினா போதாதா, எந்தக் கைல தின்னா உங்களுக்கு இன்னாங்க" என்று கேட்டாள். நாளைக்குக் கோயிலில் குருக்கள் விபூதி கொடுக்கும்போது எந்தக் கையை நீட்டுவான், பந்தியில் எந்தக் கையால் பிசைவான், ஊர் என்னையும் உன்னையும்தான் கேட்கும் என்று அவள் வாயை அடைத்தேன். மூன்று மாதத்தில் நீ வலது கையால் சாப்பிட ஆரம்பித்துவிட்டாய். அப்போது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது. ஆபீசில் போய்ச் சொன்னேன், பையனைத் திருத்திவிட்டேன் என்று.

அதற்கப்புறம் உன் இடது கையைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. நீ ப்ளஸ் டூ முடித்து ரிசல்டுக்குக் காத்திருந்த மாதம் வரைக்கும் இல்லை. அன்று பௌர்ணமி. கூட்டம் சேருவதற்கு முன்னால் சுற்றி வந்துவிடலாம் என்று மத்தியானமே கிரிவலத்துக்குக் கிளம்பினேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, வெள்ளைக்காரர்கள் காப்பி குடிக்கிற ஒரு கடை உண்டே, அதன் முன்னால் கிட்டார் சத்தம் கேட்டது. ரொம்ப மெல்லிய சத்தம். யாரோ ஊருக்குப் போகும்போது அங்கேயே விட்டுவிட்டுப் போன பழைய நைலான் கம்பிக் கிட்டார் அது என்று பிற்பாடு தெரிந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். கண்ணை மூடியிருந்தாய். நாலைந்து பேர் காப்பியை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் நானும் நின்றேன், அருண். அது உனக்குத் தெரியாது. என் பிள்ளைக்கு இது எப்போது வந்தது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அடுத்த நிமிஷம்தான் பார்த்தேன், கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்திருக்கிறாய், இடது கை விரல்தான் மீட்டுகிறது. கூட்டத்துக்கு எதிரில், பட்டப்பகலில், அந்தக் கை. நான் கூப்பிடவில்லை. மலையைச் சுற்றி முடித்து வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன்.

கிட்டார் வாசிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, அது உனக்கு ஞாபகம் இருக்கும். வாசி, ஆனால் ஒழுங்காக வாசி என்றேன். நானே வாங்கித் தருகிறேன் என்றேன். பெரிய மனசு என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்தக் கடையில் நடந்ததை நான் முழுசாகச் சொல்ல வேண்டும். நீயும் அங்கேதான் நின்றாய், ஆனால் என் பக்கத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. கடைக்காரர் நல்ல மனுஷர். எப்படி வாசிப்பீர்கள், விரலால் மீட்டுவதா, பிக் என்கிற சின்ன வில்லையை வைத்து அடிப்பதா, பாடிக்கொண்டே வாசிப்பதா, தனியாகவா என்று உன்னைப் பார்த்துத்தான் கேட்டார். எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். எனக்கு என்ன தெரியும்? பெரியதாக இருந்தால் சத்தம் ஜாஸ்தி வரும், ஸ்டீல் கம்பி என்றால் உறுதி. கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் வாங்குகிற மாதிரி வாங்கினேன். நீ சுவரில் இருந்த ஒரு சின்ன கிட்டாரை எடுத்து உட்கார்ந்தாய். எடுத்த வேகத்தில் அது உன் மடியில் இடது பக்கமாகத்தான் வந்து உட்கார்ந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து, "பையன் லெஃப்ட்டுங்களா? அதுக்குத் தனியாவே வருது சார். ஆர்டர் குடுத்தா வரவெச்சி தரேன்" என்றார்.

அப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். பிற்பாடு யாராவது சொல்லித் தெரிந்துகொண்டது இல்லை. வேண்டாங்க, அவன் ரைட்டுதான் என்று சொன்னேன். சொன்ன பிறகு திரும்பினால் நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் காதில் விழுந்ததா இல்லையா என்பது பத்து வருஷமாக எனக்குத் தெரியாது. விழவில்லை என்று வைத்துக்கொண்டுதான் நான் நிம்மதியாக இருந்தேன். நீ அந்தச் சின்ன கிட்டாரைத் திருப்பி மாட்டிவிட்டு, நான் காட்டிய பெரியதை வாங்கிக்கொண்டாய்.

எட்டு மாதம் அதோடு போராடினாய். அதன் வயிறு உன் அக்குளுக்குள் அடங்கவே இல்லை, தோள் தூக்கிக்கொண்டே இருக்கும். விரல் நுனியெல்லாம் கன்றிச் சிவந்திருக்கும். பழகினால் சரியாகிவிடும் என்றேன். எதற்கும் அதுதானே என் மருந்து. தை மாசம் நம் நகர் சங்கத்துப் பொங்கல் விழாவில் உன்னை மேடையேற்றினேன். நீ வேண்டாம் என்றாய். பெயர் கொடுத்துவிட்டேன் என்றேன். பாதி வரைக்கும் போயிற்று. அப்புறம் வலது கை தாளத்துக்குப் பின்னாலேயே வந்தது. நீ நிறுத்திவிட்டு, திரும்ப ஆரம்பித்து, திரும்ப நிறுத்தினாய். கூட்டம் சலசலத்தது. மைக் பக்கத்தில் நின்ற நான் சமாளிப்பதாக நினைத்துக்கொண்டு, "கை வரலைங்க அவனுக்கு, அவ்ளோதான்" என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா என்னிடம் சொன்ன மாதிரியே நான் உன்னிடம் சொன்னேன், அதே மாதிரி எல்லாரும் சிரித்தார்கள். அது மட்டும் எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

நீ கிட்டாரை உறைக்குள் வைத்தாய். அதற்கப்புறம் வீட்டில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. சோம்பேறித்தனம் என்றேன், எதிலும் நிலைக்க மாட்டான் என்றேன். பெங்களூரில் வேலை கிடைத்துப் போனபோது அதைப் பக்கத்துத் தெருப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் போனாய். அவள் நன்றாக வாசிக்கிறாள். மத்தியானங்களில் கேட்கிறது. கிட்டாரில் பழுது ஒன்றுமில்லை.

சரி, ஜனனி கேட்டாளே, இந்தத் தடவையாவது ஒழுங்காக விசாரிப்போம் என்று செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு வேலூர் போனேன். அங்கே ஒரு கடையில் முப்பது வயதுக்குள் ஒரு பெண் இருந்தாள், அவளே கிட்டார் சொல்லிக்கொடுக்கிறவள். நான் நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு. ஆனால் பொறுமையாகச் சொன்னாள். பிக் வைத்து வேகமாக அடித்துப் பாடுகிறவர்களுக்குத்தான் பெரிய உடம்பும் ஸ்டீல் கம்பியும். விரலால் மெல்ல மீட்டுகிறவர்களுக்குச் சின்ன உடம்பு போதும், தொட்டவுடன் பேசும். நைலான் கம்பி விரலுக்கு மெத்தென்று இருக்கும், கழுத்து அகலமாக இருக்கும், கம்பிக்குக் கம்பி இடம் கிடைக்கும். கம்பி கழுத்துக் கட்டையிலிருந்து ரொம்ப உயரத்தில் நின்றால் அழுத்தி அழுத்தியே கை ஓய்ந்துபோகும். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றிலும் நான் உனக்கு வாங்கிக் கொடுத்தது எவ்வளவு தப்பு என்று தெரிந்துகொண்டே வந்தது. காப்பிக் கடையில் கேட்ட அந்த மெல்லிய சத்தம்தான் உன் வாசிப்பு. நின்று கேட்டவன் நான். கேட்டுவிட்டும் ஸ்பீக்கர் வாங்கியவனும் நான்தான்.

கடைசியாக அவள், உங்கள் பையன் எந்தக் கை என்று கேட்டாள். ரெண்டு கைக்கும்தான் கிட்டாரில் வேலை இருக்கிறதே, எந்தக் கையாக இருந்தால் என்ன என்று வாதாடினேன், உன்னிடம் அப்போது வாதாடின மாதிரியே. "அழுத்தற கை சொன்னத கேக்கற கை சார். மீட்டற கைலதான் தாளம் இருக்கு. அது அவங்க சொந்தக் கையா இருக்கணும்" என்றாள். சரி, சாதாரணக் கிட்டாரையே திருப்பிக் கம்பியை மாற்றிக் கட்டினால் ஆகாதா என்றேன். கம்பி உட்காருகிற பள்ளம் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு, உள்ளே பலகைக்குக் கொடுத்திருக்கிற முட்டும் ஒரு பக்கத்துக்கென்றே வைத்தது, மாற்றினால் ஏதோ வாசிக்கலாம், சரியாக இருக்காது என்றாள். இடது கைக்கென்றே செய்தது ஆர்டர் கொடுத்தால் மூன்று வாரத்தில் வரும், கல்யாணத்துக்கு முன்னால் வந்துவிடும் என்றும் சொன்னாள்.

எனக்குப் பிராயச்சித்தம் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. உடனே எழுதும்மா என்றேன். அவள் பேனாவை எடுத்தவள் நிறுத்தி, அவர் எத்தனை வருஷமாக எந்தக் கையில் வாசிக்கிறார் என்று மறுபடி கேட்டாள். வலது கையில் பழகிவிட்டவருக்கு இதைக் கொடுத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும், சிலருக்கு அது பிடிக்காது, அவரிடமே கேட்டுவிடுங்களேன் என்றாள். அப்போதுதான் புரிந்தது. மறுபடியும் உன் கையை நான்தான் முடிவு பண்ணிக்கொண்டு நிற்கிறேன். அன்றைக்கு வலது என்றேன், இன்றைக்கு இடது என்கிறேன். இரண்டு தடவையும் உன்னைக் கேட்கவில்லை. அதைவிடக் கொடுமை, என் பிள்ளை எந்தக் கைக்காரன் என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஆர்டர் கொடுக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

நேற்று ஜனனி மறுபடி கூப்பிட்டாள். கிட்டாரைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டாள். நான் இழுத்து இழுத்துப் பேசினதில் அவளுக்கு என்னவோ தோன்றியிருக்க வேண்டும். ஒன்று கேட்கலாமா என்றாள். நிச்சயதார்த்தத்தன்றைக்கு நம் வீட்டில் நீ இடது கையை முழு நேரமும் முதுகுக்குப் பின்னாலேயே வைத்திருந்தாயாம். போட்டோ எல்லாவற்றிலும் அப்படியே இருக்கிறதாம். ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறவள், அங்கே நீ அப்படி இல்லையாம், கையில் ஏதாவது அடியா என்று கேட்டாள். சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தாம்மா என்று சொல்ல வாய் எடுத்துவிட்டேன். அந்த ஒரு பொய்யோடு விஷயம் முடிந்துவிடும். ஏழு வாரத்தில் நம் வீட்டுக்கு வரப்போகிற பெண், அவளிடம் என் மானம் போகாது. ஆனால் அவள் உன்னோடு அறுபது வருஷம் வாழப்போகிறவள். துண்டைச் சொன்னேன், சென்னைக் கடையைச் சொன்னேன், மைக்கில் சொன்னதையும் சொன்னேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "இதெல்லாம் அவரு சொன்னதே இல்ல மாமா. ஆனா கேன்டீன்ல அவரு லெஃப்ட்லதான் சாப்புடுவாரு. தோசைய கூட அந்தக் கையாலதான் பிப்பாரு. உங்க வீட்ல சோத்தாங்கையால சாப்ட்டத பாத்து நான்தான் முழிச்சேன்" என்றாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைக்க மாட்டேன். ஏமாற்றிவிட்டானே என்றிருந்தது. இத்தனை வருஷம் திருத்திவிட்டேன் என்று நினைத்தேன், நீ எங்கள் வாசற்படிக்குள் வரும்போது மட்டும் கையை மாற்றிக்கொண்டிருக்கிறாய். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள், அதுவும் ஆறிப்போயிற்று. அவளிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. எனக்குத் தெரியுமே என்றாள். நான் ஆபீசில் இருக்கும் நேரத்தில் நீ சாப்பிட உட்கார்ந்தால் அவளும் எந்தக் கை என்று பார்த்ததில்லையாம். என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் நீயே மாற்றிக்கொள்வாயாம். அந்த ஸ்கூட்டர் சத்தத்துக்குப் பயந்து எத்தனை கவளம் கை மாறியிருக்கும் என்று நினைத்தேன். கோபம் போய்விட்டது. அழுகை வந்தது. அம்மா பார்க்கத்தான் அழுதேன்.

அதனால் கிட்டார் விஷயத்தில் அப்பாவின் பதில் இதுதான். நீயும் ஜனனியும் அங்கேயே ஒரு நல்ல கடைக்குப் போங்கள். நான் வரவில்லை. நின்று பார்க்காதே, உட்கார்ந்து மடியில் வைத்துப் பார், தோள் தூக்கினால் அது உனக்கில்லை. வலதையும் இடதையும் கேட்டு வாங்கி இரண்டையும் வாசி. அவசரப்படாதே, கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சங்கடப்படாதே. எது உன் கை என்று உனக்குத் தெரியும். வலது கையே இருக்கட்டும் என்று உனக்குத் தோன்றினால் அதுவும் சரி, என்னைப் பழிவாங்குவதற்காக இடதை வாங்காதே, என்னைச் சமாதானப்படுத்துவதற்காகவும் வாங்காதே. கிட்டாரே வேண்டாம் என்று தோன்றினால் ஜனனியிடம் நேராகச் சொல்லிவிடு. அவள் தாங்குவாள். நேற்று என்னையே தாங்கினாள்.

முகூர்த்தம் முடிந்ததும் பந்தியில் உன்னையும் ஜனனியையும் முதல் வரிசையில் உட்காரவைப்பார்கள். ஊர் மொத்தமும் பார்க்கும். பெரியப்பாவும் இருப்பார், ஏதாவது சொன்னால் அவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எனக்குத்தான் நான் உத்தரவாதம் தர முடியவில்லை. இவ்வளவும் எழுதிய பிறகும், நீ இடது கையால் சோற்றைப் பிசைவதைப் பார்த்தால் என் முகம் ஒரு கணம் சுளிக்கும். எனக்கு என்னைத் தெரியும், ஐம்பத்தெட்டு வயதில் அது அவ்வளவு சீக்கிரம் போகாது. நீ எப்போதும் போல முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாய். பார்த்தாலும் கையை மாற்றாதே, அருண். அப்படியே சாப்பிடு.

அப்பா